காலைத் தட்டும் ராத்திரிப் பசியும்: தாவர உணவில் எடைக் கணக்கு

காலையில் சாப்பிட்டால் எடை குறையுமா என்று கேட்கும்போது இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கட்டப்பட்டு வருகின்றன. ஒன்று எடை, இன்னொன்று பசி. எடையைப் பொறுத்தவரை காலைச் சாப்பாடு தன்னளவில் ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. பசி விஷயத்தில் நிறையவே செய்யும். ஆனால் தட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் அதை முடிவு செய்கிறது. பால், முட்டை, மீன், இறைச்சி எல்லாவற்றையும் விட்டவர்கள், அதாவது வீகன்கள், வழுக்கி விழும் இடமும் அதுதான். அதனால் எடைக் கதையைச் சுருக்கமாக முடித்துவிட்டு, தட்டில் அதிக நேரம் செலவிடலாம்.

"காலைச் சாப்பாட்டை விட்டால் எடை ஏறும்" என்ற பேச்சுக்கு அடிப்படை என்ன? அமெரிக்காவில், எடையைக் குறைத்துத் திரும்ப ஏறவிடாமல் காப்பாற்றி வருபவர்களுக்கென்று ஒரு பதிவேடு இருக்கிறது. 2002இல் வந்த கணக்குப்படி, அதில் உள்ளவர்களில் 78 சதவீதம் பேர் தினமும் காலையில் சாப்பிடுகிறார்கள். இதை வைத்துக்கொண்டு காலைச் சாப்பாடுதான் எடையைக் காத்தது என்று சொல்லிவிட முடியாது. ஒழுங்காகக் காலையில் சாப்பிடுகிறவர், பெரும்பாலும் நேரத்துக்குத் தூங்குகிறவராகவும் உடற்பயிற்சி செய்கிறவராகவும் இருப்பார். எது எதைச் செய்தது என்று பிரிக்க வேண்டுமானால் சீட்டுப் போட்டு ஆளைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியும் பார்த்துவிட்டார்கள். 2014இல் வந்த ஒரு சோதனையில், எடை கூடுதலாக இருந்த சுமார் 300 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினரைக் காலையில் சாப்பிடவும் இன்னொரு பகுதியினரைச் சாப்பிடாமல் இருக்கவும் சொன்னார்கள். 16 வாரம் கழித்து எடையில் வித்தியாசம் இல்லை. 2019இல் மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 13 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். காலையில் சாப்பிட்டவர்கள் நாளுக்குச் சுமார் 260 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். எடையும் சராசரியாக 0.44 கிலோ கூடுதல். அரை கிலோகூட இல்லை. சோதனைகள் பலவும் குறுகிய காலத்தவை, தரத்திலும் சுமார்தான் என்று அவர்களே எழுதியும் வைத்தார்கள். ஆகவே "விட்டால்தான் இறங்கும்" என்று துள்ளவும் இதில் இடமில்லை.

காலையில் சாப்பிடாவிட்டால் உடலின் எரிப்பு வேகம் படுத்துவிடும் என்பதும் நிற்கவில்லை. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் 6 வாரம் நடந்த ஒரு சோதனை இதைப் பார்த்தது: ஒரு குழு காலை 11 மணிக்குள் 700 கலோரி சாப்பிட வேண்டும், இன்னொரு குழு மதியம் வரை தண்ணீரைப் போலக் கலோரி இல்லாதவை மட்டும். ஓய்வில் உடல் எரிக்கும் கலோரி இரண்டு குழுவிலும் மாறவில்லை. மாறியது நடமாட்டம். சாப்பிட்டவர்கள் தங்களை அறியாமலே அதிகமாக அசைந்தார்கள், நடந்தார்கள். அதற்கு ஈடாக அதிகமாகச் சாப்பிட்டும் இருந்தார்கள். கடைசியில் எடை கிட்டத்தட்ட அப்படியே.

இந்த நம்பிக்கைக்கும் தாவர உணவுக்கும் பழைய உறவு உண்டு. "பல வகைகளில் அன்றைய நாளின் முக்கியமான உணவு" என்று காலைச் சாப்பாட்டைப் பற்றி 1917இல் எழுதியது, இறைச்சியில்லா உணவை வற்புறுத்திய ஜான் ஹார்வி கெல்லாக் நடத்திய இதழ். கார்ன் ஃபிளேக்ஸ் பிறந்த இடம் அவருடைய பேட்டில் கிரீக் சுகாதார நிலையம் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இனிப் பசி. இங்கேதான் காலைச் சாப்பாட்டுக்கு உண்மையான வேலை இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் ஆபர்டீன் பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட ஒரு சோதனையை இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிக்கிறேன். காரணம், சாப்பாடு முழுவதையும் ஆய்வாளர்களே அளந்து கொடுத்தார்கள். 30 பேர். நான்கு வாரம் அன்றைய கலோரியில் 45 சதவீதம் காலையில், 35 மதியம், 20 இரவில். இன்னொரு நான்கு வாரம் அப்படியே தலைகீழ். எரித்த கலோரியிலும் வித்தியாசமில்லை, குறைந்த எடையிலும் வித்தியாசமில்லை. இரண்டு முறையும் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் காலையில் கனமாகச் சாப்பிட்ட வாரங்களில் பசி தெளிவாகக் குறைவு. இதற்கு முன் 2013இல் வந்த ஓர் ஆய்வில், ஒரே 1,400 கலோரித் திட்டத்தில் காலையில் 700 கலோரி சாப்பிட்ட பெண்கள் 12 வாரத்தில் 8.7 கிலோவும், இரவில் 700 சாப்பிட்டவர்கள் 3.6 கிலோவும் குறைந்தார்கள் என்று வந்தது. அந்தப் பெரிய இடைவெளி, சாப்பாட்டை அளந்து கொடுத்த ஆபர்டீன் சோதனையில் தென்படவில்லை. எனவே எடைக்காக 2013ஐக் காட்டி வாக்குக் கொடுப்பவர்களை நம்ப வேண்டாம். பசிக்காக 2022ஐ நம்பலாம்.

"எடை குறையவில்லையே, பசி குறைந்து என்ன லாபம்?" என்று கேட்கலாம். சோதனையில் தட்டை அளந்து கொடுக்க ஆள் இருந்தார்கள். வீட்டில் யாரும் அளந்து தரப்போவதில்லை. ராத்திரி 9 மணிக்கு டப்பாவைத் திறக்க வைப்பது பசிதான். அந்தப் பசி குறைந்தால் திட்டத்தை நாலு வாரத்துக்குப் பதிலாக நாலு மாதம் ஓட்ட முடியும்.

காலையில் பசிக்கவே இல்லை என்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. தூக்கம், சாப்பாடு, வெளிச்சம் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தி 2013இல் அளந்தபோது, உடற்கடிகாரத்தின்படி பசி காலை 8 மணி வாக்கில் மிகக் குறைவாகவும் இரவு 8 மணி வாக்கில் உச்சத்திலும் இருந்தது. அதாவது, எட்டு மணி நேரம் வெறும் வயிறு இருந்த பிறகும் காலையில் பசி மந்தமாக இருப்பது இயல்பு. அதோடு முந்தின ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டிருந்தால் காலையில் எதுவும் உள்ளே போகாது. காலைப் பசி வேண்டுமானால் இரவு உணவை முதலில் இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். நாலைந்து நாளில் பசி எட்டிப் பார்க்கும்.

தாவர உணவுக்காரர்களுக்கு ஒரு நல்ல தொடக்கம் ஏற்கெனவே இருக்கிறது. 2021இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு, 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவும் இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த விலங்கு உணவும் வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னது. தாவர உணவில் நாளுக்குச் சராசரியாக 689 கலோரி குறைவாகவே சாப்பிட்டார்கள், பசி கூடியதாகவும் சொல்லவில்லை. காரணம் பெரும்பாலும் அடர்த்தி: அவித்த பயறு, காய், பழம், முழுத்தானியம் எல்லாம் தண்ணீரும் நாரும் நிறைந்தவை. வயிறு நிரம்பும், கலோரி ஏறாது. அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகம் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையினரை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்விலும், 50,660 பேரைப் பார்த்து 2017இல் வந்த கணக்கில், காலையில் சாப்பிடுகிறவர்களுக்கும், அன்றைய பெரிய உணவைக் காலையில் வைத்துக்கொள்கிறவர்களுக்கும் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) இறங்கும் போக்கு தெரிந்தது. சைவ உணவுக்காரர்கள் நிறைய உள்ள கூட்டம் என்பதால் இது நமக்குப் பொருந்துகிறது. ஆனால் கவனித்துப் பார்த்த ஆய்வுதான், சீட்டுப் போட்டுப் பிரித்தது அல்ல.

இவ்வளவு நல்ல தொடக்கத்தைக் காலை வேளையில் கெடுத்துக்கொள்வது எப்படி? முட்டையும் தயிரும் போன இடத்தில் எதையும் வைக்காமல் விடுவதால். மதியமும் இரவும் பயறோ, டோஃபு என்னும் சோயா பனீரோ வந்துவிடும். காலையில் மட்டும் மாவும் சர்க்கரையும் பானமும் மிஞ்சும்.

இரண்டு கிண்ணங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் கிண்ணத்தில் 40 கிராம் இன்ஸ்டன்ட் ஓட்ஸ், 250 மில்லி இனிப்புச் சேர்த்த பாதாம் பால், ஒரு வாழைப்பழம், ஒரு மேசைக்கரண்டி இனிப்புப் பாகு. பக்கத்தில் 250 மில்லி ஆரஞ்சுச் சாறு. ஆரோக்கியமாகத்தான் தெரிகிறது. கூட்டினால் சுமார் 500 கலோரி. புரதம் 9 கிராம் வாக்கில், நார் 8 கிராம் வாக்கில். பாதாம் பாலில் ஒரு தம்ளருக்குப் புரதம் சுமார் 1 கிராம்தான். பெயரில் பாதாம் இருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

இரண்டாவது கிண்ணத்தில் 50 கிராம் உடைத்த அல்லது தடிமனாகத் தட்டிய ஓட்ஸ், 250 மில்லி இனிப்பில்லாத சோயா பால், ஒரு மேசைக்கரண்டி அரைத்த ஆளிவிதை, 15 கிராம் வேர்க்கடலை, தோலோடு நறுக்கிய ஒரு ஆப்பிள். இதுவும் சுமார் 500 கலோரிதான். ஆனால் புரதம் 20 கிராமைத் தொடும், நார் 13 கிராம் வரும். முதல் கிண்ணத்தை ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்துவிடலாம். இரண்டாவதை மென்றுதான் ஆக வேண்டும்.

மெல்லுவது சின்ன விஷயமல்ல. 1977இல் ஒரே அளவு மாவுச்சத்துள்ள ஆப்பிளை முழுதாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். சாற்றை, முழு ஆப்பிளைச் சாப்பிடுவதைவிட 11 மடங்கு வேகமாகக் குடித்துவிட்டார்கள், நிறைவும் குறைவு. ஸ்மூத்தியைக் காலை உணவாக வைத்துக்கொண்டு பதினொரு மணிக்குப் பசிக்கிறது என்பவர்களுக்கு என் முதல் பதில், அதே பொருட்களை ஒரு வாரம் அரைக்காமல் சாப்பிட்டுப் பாருங்கள் என்பதுதான்.

ஓட்ஸிலும் ரகம் பார்க்க வேண்டும். 1999இல் உடல் பருமன் உள்ள 12 பையன்களுக்கு ஒரே கலோரியில் ஒரு நாள் இன்ஸ்டன்ட் ஓட்ஸும் ஒரு நாள் உடைத்த ஓட்ஸும் கொடுத்தார்கள். இன்ஸ்டன்ட் சாப்பிட்ட நாட்களில் பிற்பகலில் அவர்கள் தாங்களாக எடுத்துச் சாப்பிட்டது 53 சதவீதம் அதிகம். மெல்லியதாகத் தட்டி, முன்பே வேகவைத்து உலர்த்திய தானியம் குடலில் சட்டென்று சர்க்கரையாகிறது. ரத்தச் சர்க்கரை ஏறின வேகத்தில் இறங்குகிறது. உடைத்த ஓட்ஸ் வேக 25, 30 நிமிடம் ஆகும் என்பதுதான் அதைக் கைவிடக் காரணம். ஒரு பங்கு ஓட்ஸுக்கு மூன்றரைப் பங்கு தண்ணீர் விட்டு ராத்திரியே ஒரு கொதி வரவைத்து மூடி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். மூன்று நாளுக்கானதைச் சேர்த்தே செய்து வைக்கலாம்.

ஆளிவிதையை முழுதாகப் போட்டால் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும். அரைத்துத்தான் போட வேண்டும். அரைத்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள், வெளியே வைத்தால் எண்ணெய்ச் சிக்கு வாடை வந்துவிடும். கால்சியம் சேர்த்த சோயா பால் வாங்கினால் ஊற்றும் முன் நன்றாகக் குலுக்குங்கள். கால்சியம் அடியில் வண்டலாகப் படிந்து நிற்கும். குலுக்காமல் ஊற்றினால் அதைக் கடைசித் தம்ளரோடு குப்பையில் போடுகிறீர்கள்.

இனிப்பே இல்லாத காலை உணவு இன்னும் நல்லது என்பது என் கருத்து. அவித்த கொண்டைக்கடலை 150 கிராம், டோஃபு 100 கிராம், தக்காளி, கீரை அல்லது கையில் கிடைத்த காய், ஒரு துண்டு முழுக்கோதுமை ரொட்டி. 450இலிருந்து 500 கலோரிக்குள், புரதம் 28, 30 கிராம், நார் 14 கிராம். 150 கிராம் வெந்த கடலைக்கு 65, 70 கிராம் காய்ந்த கடலை போதும். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். வாயுவுக்குக் காரணமான சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். பயறு வகைக்கு இன்னொரு குணமும் உண்டு. காலையில் பருப்பு சாப்பிட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் ரத்தச் சர்க்கரையும் தணிகிறது என்று 1980களின் தொடக்கத்திலேயே டேவிட் ஜென்கின்ஸ் குழு காட்டியது. "இரண்டாம் உணவு விளைவு" என்று இதற்குப் பெயர்.

சோயாப் புரதம் பசியை அடக்குமா, இறைச்சிதானே அடக்கும் என்ற சந்தேகம் பலருக்கு இருக்கிறது. உடல் பருமன் உள்ள 20 ஆண்களுக்கு இரண்டு வாரம் இறைச்சிப் புரதமும் இரண்டு வாரம் சோயாப் புரதமும் ஒரே அளவில் கொடுத்து ஆபர்டீனில் பார்த்துவிட்டார்கள். பசியும் ஒன்றுதான், குறைந்த எடையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எங்கே தவறுகிறது? மிகப் பெரிய தவறு, காலைச் சாப்பாட்டைக் கூட்டிவிட்டு வேறெங்கும் கழிக்காதது. 450 கலோரியைக் காலையில் சேர்த்தால், மதியமும் இரவும் பழைய அளவிலேயே இருந்தால், எடை ஏறத்தான் செய்யும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2013இல் பார்த்தபோது, 600 கலோரிக்கு மேலான காலை உணவை விட்டவர்கள் மதியம் சுமார் 150 கலோரிதான் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். உடல் விட்டதை முழுதாகக் கேட்டு வாங்குவதில்லை. அதேபோல, காலையில் கொடுத்ததை மதியம் தானாகக் கழித்துக்கொள்ளவும் செய்யாது. கழிப்பது உங்கள் கையில். இரவுத் தட்டில் தானியப் பங்கைப் பாதியாக்கி அந்த இடத்தில் காயை வையுங்கள். இரவு உணவுக்குப் பிறகு வரும் கொறிப்பை நிறுத்துங்கள். இந்த இரண்டிலும் பெரும்பாலும் கணக்கு நேராகிவிடும்.

அடுத்தது, "தாவரம்தானே" என்று கொட்டிக்கொள்ளும் கொழுப்பு. சமமாக வழித்த ஒரு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெய் 16 கிராம், சுமார் 95 கலோரி. கையில் எடுக்கும் கரண்டி குவியலாகத்தான் வரும். அது 30 கிராம் தாண்டும், கலோரி இரண்டு மடங்கு. ஒரு வாரம் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், கண் பழகிவிடும். கிரானோலா 100 கிராமில் 450 கலோரிக்கு மேல். கிண்ணம் நிரப்பினால் 100 கிராம் சுலபமாகப் போகும். தேங்காய் எண்ணெயோ வேறு எண்ணெயோ, மேசைக்கரண்டிக்கு 120 கலோரிதான்.

மூன்றாவது, பாக்கெட் வீகன் காலை உணவு: செயற்கை இறைச்சி வட்டுகள், இனிப்புப் பன்கள், சர்க்கரை பூசிய தானியங்கள். அதே கெவின் ஹால் 2019இல் காட்டியது: மிகையாகப் பதப்படுத்திய உணவைக் கொடுத்தபோது, சாதாரண உணவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள், இரண்டு வாரத்திலேயே எடை ஏறியது. வீகன் முத்திரை இதை மாற்றாது.

நாரைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பிப் போய், "எனக்குப் பயறு ஒத்துக்கொள்ளாது" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். வாரத்துக்குச் சுமார் 4 கிராம் வீதம் கூட்டுங்கள். அதாவது முதல் வாரம் 50 கிராம் வெந்த கடலை, அடுத்த வாரம் 100, பிறகு 150. தண்ணீரையும் கூட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் நாரை மட்டும் ஏற்றினால் மலச்சிக்கல்தான் வரும்.

உங்களுக்குக் காலைச் சாப்பாடு பொருந்துமா என்பதை நாலு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம். முதல் இரண்டு வாரம் எழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் மேலே சொன்ன இரண்டாவது ஓட்ஸ் கிண்ணம் அல்லது கொண்டைக்கடலைத் தட்டு, தினமும் அதே அளவு. அடுத்த இரண்டு வாரம் மதியம் வரை தண்ணீர், சர்க்கரையில்லாத டீ அல்லது காபி. இரண்டிலும் காலை 11, மாலை 4, இரவு 9 மணிக்குப் பசிக்கு 0இலிருந்து 10க்குள் மதிப்பெண் எழுதுங்கள். இரவு உணவுக்குப் பிறகு வாயில் போன எல்லாவற்றையும் எழுதுங்கள். உண்மையான விடை பெரும்பாலும் அந்தக் குறிப்பில்தான் கிடைக்கும். எடையைத் தினமும் காலையில் கழிப்பறை போய்வந்த பின், தண்ணீர் குடிக்கும் முன் பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். நார் கூடிய முதல் வாரத்தில் குடலில் இருக்கும் சுமை கூடிச் சில நூறு கிராம் ஏறிக் காட்டலாம், அது கொழுப்பல்ல. மாதவிடாய் உள்ளவர்களுக்கு உடலில் தங்கும் நீரே ஒரு கிலோ வரை ஆட்டம் காட்டும் என்பதால், சுழற்சியின் ஒரே கட்டத்தில் உள்ள வாரங்களை ஒப்பிட வேண்டும்; அதற்கு ஒவ்வொன்றையும் ஒரு முழு மாதம் செய்வதே நல்லது.

ஒரு பழைய ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. 1992இல் 52 பெண்களை வைத்துச் செய்ததில், வழக்கமாகச் சாப்பிடாதவர்களைச் சாப்பிடச் சொன்னபோதும், சாப்பிடுகிறவர்களை விடச் சொன்னபோதும் எடை அதிகம் குறைந்தது. பழக்கத்தை மாற்றியவர்கள் கவனமாகச் சாப்பிட்டார்கள் என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம். ஆகவே உங்கள் சோதனையிலும் முதல் வாரத்தின் உற்சாகத்தைக் கழித்துவிட்டு, இரண்டாவது வாரத்தைப் பாருங்கள்.

இரவு 9 மணி மதிப்பெண் இரண்டிலும் ஒன்றாக இருந்து, காலையில் சாப்பிடாதபோது மந்தமோ எரிச்சலோ இல்லையென்றால், விட்டுவிடலாம். வற்புறுத்திச் சாப்பிட ஒரு காரணமும் இல்லை. ஆனால் மிச்சமுள்ள இரண்டு வேளையில் ஊட்டம் முழுவதும் அடங்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் கிலோவுக்கு 1 கிராம் புரதம் என்று வைத்தால் வேளைக்கு 30 கிராம். நார் நிறைந்த தாவர உணவில் அதற்கு முன்பே வயிறு நிரம்பிவிடும். ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர்களும், வீகனான பிறகு எடை இறங்கிக்கொண்டே போகிறவர்களும் காலை வேளையை விடக்கூடாது. அவர்களுக்கு அந்த வேர்க்கடலை வெண்ணெய்க் குவியல் நல்லதே.

பி12 வைட்டமின் சேர்த்த சோயா பாலும் தானியமும் பலருக்குக் காலையில் மட்டுமே உள்ளே போகின்றன. காலைச் சாப்பாட்டை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும், மாதக்கணக்கில் தெரியாது. மாத்திரைக்கு மாறிக்கொள்ளுங்கள்: தினமும் குறைந்தது 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு ஒரு முறை 2,000 மைக்ரோகிராம். சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் தாவர இரும்புச்சத்து உடலில் சேர்வது கணிசமாகக் குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்து, தட்டில் ஒரு ஆரஞ்சோ தக்காளியோ வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவை மாற்றி வாங்காமல் காலைச் சாப்பாட்டை விடும் சோதனையில் இறங்கக்கூடாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கர்ப்பிணிகளும், முன்பு உணவுக் கோளாறு இருந்தவர்களும் சோதனையின் அந்தப் பாதியைத் தொட வேண்டாம். தைராய்டுக்கு லெவோதைராக்சின் எடுப்பவர்கள் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். சோயாவும் நாரும் மருந்து சேர்வதைக் குறைக்கும், கால்சியம் சேர்த்த பாலுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். எனவே அவர்கள் காலைக் கிண்ணத்தில் கால்சியம் சேர்க்காத பாலை ஊற்றிக்கொண்டு, கால்சியத்தை மதியத்துக்குத் தள்ளுவது எளிது.